20,97,152-இல் ஒன்று

நசரத்பேட்டையில் என் அக்கா வீட்டு மாடியறையில் ஒரு லேப்டாப் இருக்கிறது. அக்கா மகளுடையது. 8 ஜிபி ரேம். அந்த 8 ஜிபியை 4 கிலோபைட் துண்டுகளாக வெட்டி எண்ணினால் 20,97,152 வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ‘பக்கம்’ என்று பெயர். விண்டோஸும் லினக்ஸும் நினைவகத்தை இந்தப் பக்கக் கணக்கில்தான் வாங்குகின்றன, கொடுக்கின்றன. அந்த இருபது லட்சத்துச் சொச்சத்தில் ஏதோ ஒரு பக்கம், போன சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ராத்திரி வரை எங்கெங்கே போனது, யாரிடம் மாட்டிக்கொண்டது, எப்படி மீண்டது என்று சொல்லப்போகிறேன்.

பக்கம் சின்னதுதான். 4,096 பைட். இன்று பரவலாக உள்ள முறையில் ஒரு தமிழ்க் குறியைச் சேமிக்க 3 பைட் ஆகும். ‘நசரத்பேட்டை’ என்று எழுத, புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணினால் 11 குறிகள், 33 பைட். ஊர்ப் பெயரை ஒவ்வோர் இடைவெளி விட்டு எழுதிக்கொண்டே போனால் ஒரு பக்கத்தில் 120 தடவை எழுதலாம். அவ்வளவுதான் கொள்ளும்.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே வந்தால், வெளிவட்டச் சாலை குறுக்கே போகும் இடத்தில் இருக்கிறது நசரத்பேட்டை. சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள். சாயங்காலமானால் கல்லூரிப் பேருந்துகளும் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளின் ஷிப்ட் பேருந்துகளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகும். அக்கா வீட்டுத் தெருவில் பல வீடுகளில் மாணவர்கள்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். அங்கே எந்தக் கதவைத் தட்டினாலும் ஏதாவது ஒரு லேப்டாப்பில் விண்டோஸுக்குள் ஓர் உபுண்டு லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை எட்டரை மணிக்கு அக்கா மகள் கூப்பிட்டாள்.

“மாமா, லேப்டாப் சுத்தமா ஸ்ட்ரக் ஆயிடுச்சு. மவுஸ்கூட நகர மாட்டேங்குது. ஃபேன் சத்தம் கீழ அம்மாவுக்கே கேக்குது.”

“என்னம்மா ஓடுது அதுல?”

“ஒண்ணுமே ஓடல மாமா. உபுண்டு விண்டோவை எப்பவோ மூடிட்டேன். ஆனா டாஸ்க் மேனேஜர்ல விஎம்மெம்னு ஒண்ணு மூன்றரை ஜிபி புடிச்சு வச்சிருக்கு. வைரஸா இருக்குமோ?”

வைரஸ் இல்லை, அதுதான் உன் உபுண்டு என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கடையில் கேட்டதற்கு, ரேம் மாற்றினால்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டார்களாம். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பதினைந்து வருஷமாக அம்பத்தூர்ப் பக்கம் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. மூன்றரை ஜிபியை ஒருவர் பிடித்து வைத்திருந்தால், அதில் எவ்வளவு உண்மையில் அவருக்கு வேண்டும் என்று பார்க்காமல் நான் யாரையும் கடைக்கு அனுப்புவதில்லை.

*

பக்கத்துக்கு ஓர் உடம்பு உண்டு. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை அட்டை, அதன்மேல் எட்டுக் கறுப்புச் சில்லுகள். ஒட்டியிருந்த சீட்டில் எஸ்கே ஹைனிக்ஸ் என்று போட்டிருந்தது. தென்கொரியாவின் இச்சோன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். நம்முடைய பக்கம் எட்டுச் சில்லுகளிலும் பிரிந்து கிடக்கிறது, சில்லுக்கு 512 பைட் வீதம். மொத்தம் 32,768 பிட். பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்ட் 1966-இல் யோசித்து, 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

மின்தேக்கி ஒழுகும். அதனால் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை அதைப் படித்து அதிலேயே திரும்ப எழுதியாக வேண்டும். நொடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல், கரண்ட் இருக்கிற வரைக்கும். உள்ளே உருப்படியான விஷயம் இருந்தாலும் வெறும் பூஜ்யம் இருந்தாலும் இந்த வேலை நிற்காது. ரேம் நிறைந்தால் மெஷின் சூடாகும் என்று மாணவர்கள் பலர் நம்புகிறார்கள். நிறைந்த ரேமும் காலி ரேமும் சும்மா இருக்கும்போது ஒரே அளவு மின்சாரம்தான் கேட்கும். அன்றைக்கு ஃபேன் அலறியதற்குக் காரணம் வேறு.

உடம்புக்கு வயது அதிகம் போனால் ஐந்தாறு வருஷம். பக்கம் என்ற எண்ணத்துக்கு அறுபது வருஷத்துக்கு மேல். 1962 டிசம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில், டாம் கில்பர்னின் குழு நினைவகத்தைச் சம அளவுப் பக்கங்களாகப் பிரித்தது. வேண்டிய பக்கம் உள்ளே இருக்கும், வேண்டாதது காந்த டிரம்முக்குப் போகும், நிரல் எழுதுகிறவருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை.

இதை வைத்து ஒரு முழுக் கணினியையே இன்னொரு கணினிக்குள் உட்கார வைத்தது ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம். மாசசூசெட்ஸில் இருந்த சின்னக் குழு அது. ராபர்ட் க்ரீசியும் லெஸ் கோமோவும் முன்னின்று கட்டிய சிபி-40 அமைப்பு 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் கணினியில் மொத்த நினைவகமே 256 கிலோபைட். பக்கம் 4 கிலோபைட் என்றால் மொத்தம் 64 பக்கங்கள். அந்த 64 பக்கங்களின்மேல் ஒரே நேரத்தில் 14 மெய்நிகர் கணினிகள் வரை ஓடின. ஒவ்வொன்றிடமும் “உனக்கு 256 கிலோபைட் இருக்கிறது” என்று சொல்லப்பட்டிருந்தது. பதினான்கும் அதை நம்பின.

இந்த இடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. இருப்பதைவிடப் பதினான்கு மடங்கு வாக்குக் கொடுத்துவிட்டு, யார் எப்போது எதைத் தொடுகிறார்களோ அதை மட்டும் கையில் கொடுத்துச் சமாளிப்பது. மெய்நிகர் கணினி பிறந்த அன்றைக்கே நினைவகத் தட்டுப்பாடும் கூடவே பிறந்துவிட்டது. நசரத்பேட்டை மாடியறையில் அன்று ராத்திரி நடந்தது அதே சங்கடம்தான்.

அந்தப் பரம்பரையின் ஒரு கிளை சென்னைக்குச் சீக்கிரமே வந்தது. 1973-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. 1970-இல் அந்த மாடலை அறிவித்தபோது பக்க முகவரிகளை மாற்றிக் கொடுக்கும் வன்பொருள் அதில் கிடையாது. 1972 ஆகஸ்டில் ஐபிஎம் விஎம்/370-ஐ அறிவித்தபோது, 155 வைத்திருந்தவர்கள் அதை ஓட்ட வேண்டுமானால் தனியாக ஒரு பெட்டி வாங்கிப் பூட்ட வேண்டியிருந்தது. மேசைக் கணினிக்கு இது வந்து சேர இன்னும் காலம் பிடித்தது. 1985-இல் இன்டெலின் 386 சில்லு 4 கிலோபைட் பக்கத்தைக் கொண்டுவந்தது, 1999-இல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் வந்தது, 2005-இல் மெய்நிகர் கணினிகளுக்கென்றே இன்டெல் தன் சில்லில் தனி வசதி சேர்த்தது.

*

இனி சனிக்கிழமை.

ஐந்து மணிக்கு நம் பக்கம் விண்டோஸின் கையில் இருந்தது. அதற்கு முன் ஏதோ ஒரு பிரவுசர் டேபின் பகுதியாக இருந்திருக்கும். அந்த டேப் மூடப்பட்டதும் விண்டோஸ் அதை வாங்கி, மேலிருந்து கீழ்வரை பூஜ்யமாக்கித் தயார் வரிசையில் வைத்தது. இதற்கென்றே ஆகக் குறைந்த முன்னுரிமையில் ஒரு வேலையாளை விண்டோஸ் வைத்திருக்கிறது. ஒருவர் விட்டுப்போன பக்கத்தில் அவருடைய வங்கிக் கடவுச்சொல்கூட இருக்கலாம். அதைத் துடைக்காமல் அடுத்தவரிடம் கொடுக்கக் கூடாது.

ஐந்தரைக்கு அவள் உபுண்டுவைத் திறந்தாள். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 என்ற வசதி அது. வெளியே பார்த்தால் ஒரு கறுப்பு விண்டோ. உள்ளே முழு லினக்ஸ் கெர்னல், ஒரு நிஜமான மெய்நிகர் கணினி. நாம் எதுவும் சொல்லாவிட்டால் மெஷினின் ரேமில் பாதியை அதன் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளும். அவளுடைய மெஷினில் 4 ஜிபி. அந்த 4 ஜிபியும் அப்போதே போய்விடுவதில்லை. “உன்னிடம் 4 ஜிபி இருக்கிறது” என்ற வார்த்தை மட்டும்தான் லினக்ஸுக்குப் போகிறது. லினக்ஸ் எந்த இடத்தைத் தொடுகிறதோ, அந்த இடத்துக்கு மட்டும் விண்டோஸ் நிஜப் பக்கத்தைக் கொடுக்கும். ஐந்தே முக்கால் மணி அளவில் நம் பக்கம் அப்படிக் கைமாறியது.

கைமாறியதும் அதற்கு இரண்டு எண்கள் வந்துவிட்டன. சென்னையில் வீட்டு வாசலில் பழைய எண் 14, புதிய எண் 31 என்று எழுதியிருப்போமே, அந்த மாதிரி. லினக்ஸ் அதைத் தன் கணக்கில் ஓர் எண்ணால் அழைக்கிறது, விண்டோஸ் தன் கணக்கில் வேறோர் எண்ணால் அழைக்கிறது. இரண்டையும் பொருத்திக் காட்டும் பதிவேடு, அடியில் இருந்து மெய்நிகர் கணினிகளை நடத்தும் ஹைப்பர்வைசரிடம் இருக்கிறது. லினக்ஸில் ஓடும் ஒரு நிரல் நினைவகத்தில் ஓர் இடத்தைத் தேடினால், லினக்ஸின் சொந்தப் பதிவேட்டையும் இந்தப் பதிவேட்டையும் புரட்டியாக வேண்டும். மிக மோசமான நிலையில் ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க 24 தடவை நினைவகத்துக்குப் போய்வர நேரும். சாதாரணமாக அவ்வளவு ஆகாது. சமீபத்தில் தேடிய எண்களைப் பிராசஸர் தன்னிடமே குறித்து வைத்திருக்கும்.

ஆறு மணிக்கு அவள் இறுதியாண்டு புராஜெக்டுக்காக டாக்கர் பில்டு போட்டாள். பைத்தான், போஸ்ட்கிரெஸ், இன்னும் நாலைந்து நூலகங்கள். ஆயிரக்கணக்கான கோப்புகள் இறங்கின, விரிந்தன, படிக்கப்பட்டன. ஒரு பைத்தான் நூலகக் கோப்பிலிருந்து 4,096 பைட் நம் பக்கத்தில் வந்து விழுந்தது. பில்டுக்கு அது தேவைப்பட்டது ஒரே ஒரு தடவைதான். வேலை முடிந்தது. லினக்ஸ் அதைக் காலி செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ரேம் சும்மா கிடந்தால் வீண் என்பது லினக்ஸின் எண்ணம். டிஸ்க்கிலிருந்து ஒரு தடவை படித்த கோப்பை, இடம் இருக்கிற வரை ரேமிலேயே வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கலாம். யாராவது இடம் கேட்டால் அடுத்த கணமே விட்டுவிடும். ஏனென்றால் அசல் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. தனி மெஷினில் இது மிக நல்ல குணம். நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் இந்தக் குணம் இல்லாவிட்டால் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

ஆனால் இங்கே லினக்ஸ் தனி மெஷினில் இல்லை, அது அதற்குத் தெரியவும் தெரியாது. வெளியே விண்டோஸ் என்று ஒருவர் இருப்பதும், அவர் இடமில்லாமல் திணறுவதும் அதன் காதுக்கு எட்டவில்லை.

ஏழரைக்கு அவள் உபுண்டு விண்டோவை மூடினாள். டாக்கர் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததால் மெய்நிகர் கணினி அணையவில்லை. எட்டு மணிக்கு புராஜெக்ட் தோழிகளோடு வீடியோ அழைப்பு, கூடவே குரோமில் இருபது டேப். விண்டோஸுக்கு இடம் போதவில்லை. விஎம்மெம்மிடம் மூன்றரை ஜிபி இருப்பது அதற்குத் தெரிகிறது. அதில் எது கோப்பின் நகல், எது போஸ்ட்கிரெஸின் உயிர்நாடி என்று தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி 4,096 பைட்தான்.

செம்பரம்பாக்கம் ஏரி இங்கே பக்கத்தில்தான். ஏரிப் பாசனம் நடந்த காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்தக் கழனிக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைப்பதும் அவர் வேலை. ஏரியில் எத்தனை அடித் தண்ணீர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு கழனியில் நாற்று தாங்குமா, இன்னும் இரண்டு நாள் பொறுக்குமா என்பது உழுகிறவருக்குத்தான் தெரியும். நீர்க்கட்டி வரப்பில் நின்று கேட்பார். கேட்காமல் அடைத்தால் பயிர் போகும். விண்டோஸ் அன்றைக்குக் கேட்க வழியில்லாத நீர்க்கட்டியாக இருந்தது.

கேட்க முடியாததால் அது தன்னால் முடிந்ததைச் செய்தது. சில பக்கங்களைச் சுருக்கி வைத்தது. சுருக்குவது பிராசஸரின் வேலை, ஃபேன் அலறியது அதனால்தான். சிலவற்றை டிஸ்க்கில் எழுதி ஒதுக்கியது. நம் பக்கத்தைப் போன்ற ஒன்று அப்படி டிஸ்க்குக்குப் போனது என்று வையுங்கள். அதில் இருந்ததோ ஒரு கோப்பின் நகல். அசல் அதே எஸ்எஸ்டியில், லினக்ஸின் வட்டுக் கோப்புக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே டிஸ்க்கில் ஒரே விஷயம் இரண்டாம் தடவை எழுதப்படுகிறது, யாருக்கும் வேண்டாத ஒன்றைக் காப்பாற்றுவதற்காக. இந்த ஓர் இடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. எத்தனை மாணவர்களின் எத்தனை ராத்திரிகள் இதில் போயிருக்கின்றன!

*

ஒன்பதே காலுக்கு நான் போய்ச் சேர்ந்தேன். முதல் வேலையாக லினக்ஸுக்குள் போய் ‘ஃப்ரீ’ என்ற கட்டளையைப் போடச் சொன்னேன். நிரல்கள் உண்மையில் பயன்படுத்துவது 900 எம்பி சொச்சம். கோப்பு நகல்களைக் காட்டும் கேஷ் என்ற பத்தியில் இரண்டரை ஜிபிக்குப் பக்கத்தில். அவள் அந்த இரண்டு எண்ணையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அப்ப இந்த ரெண்டரை ஜிபி யாருக்குமே வேண்டாமா மாமா?”

“வேண்டாம்னு இல்லம்மா. இருந்தா நல்லது, இல்லாட்டியும் ஓடும்.”

பிறகு, லினக்ஸைத் தன் கேஷைக் கீழே போடச் சொல்லும் கட்டளையை நிர்வாகி உரிமையோடு அடிக்கச் சொன்னேன். பக்கத்திலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்திருந்தோம். சில நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் விஎம்மெம் வரியில் 3.5 என்பது 3.1 ஆனது, 2.4 ஆனது, 1.6-இல் வந்து நின்றது. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

“900 எம்பிதானே வேணும், ஏன் மாமா 1.6-ல நின்னுடுச்சு?”

நல்ல கேள்வி. லினக்ஸ் தன் காலிப் பக்கங்களை ஒவ்வொன்றாக வெளியே சொல்வதில்லை. பொதுவாக 512 பக்கங்கள் அடுத்தடுத்துக் காலியாக இருந்தால்தான், 2 எம்பி கட்டாக, “இது எனக்கு வேண்டாம்” என்று அறிவிக்கும். நடுவில் ஒரே ஒரு பக்கத்தில் ஆள் இருந்தாலும் மற்ற 511-உம் காத்திருக்க வேண்டியதுதான். நம் பக்கத்துக்கு அக்கம்பக்கம் நல்லபடியாக அமைந்திருந்தது. லினக்ஸின் எண் போய், விண்டோஸின் எண் மட்டும் மிஞ்சியது. மறுபடி பூஜ்யமாக்கப்பட்டு வரிசையில் நின்றது. உறைந்துபோயிருந்த வீடியோவில் தோழியின் முகம் அசையத் தொடங்கியது. அந்தப் படச் சட்டங்களில் ஒன்றின் துணுக்கு நம் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் நடத்தும் இந்தப் பேச்சுவார்த்தைக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் விஎம்வேரில் இருந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர். 2002 டிசம்பரில் ஓஎஸ்டிஐ மாநாட்டில் அவர் வாசித்த கட்டுரையை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அச்செடுத்துப் படித்தேன். மெய்நிகர் கணினிக்குள் ‘பலூன்’ என்ற ஒரு சிறு டிரைவரை அவர் உட்கார வைத்தார். வெளியே தட்டுப்பாடு வந்தால் பலூன் ஊதும். உள்ளே இருக்கிற இயங்குதளத்திடம் “எனக்கு இடம் வேண்டும்” என்று சாதாரண நிரல்போல் கேட்கும். எதை விடலாம், எதை விடக் கூடாது என்று அந்த இயங்குதளமே முடிவுசெய்து, பழைய கேஷை விட்டுக்கொடுக்கும். பலூன் அந்தப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு அவற்றின் எண்களை ஹைப்பர்வைசரிடம் சொல்லிவிடும். அங்கிருந்து தேவைப்படுகிறவருக்குப் போகும். நீர்க்கட்டிக்குக் கழனிக்குள்ளேயே ஓர் ஆள் கிடைத்த மாதிரி. சும்மா வைத்திருக்கும் நினைவகத்துக்கு ஒரு வரியும் போட்டார், வழக்கமான விகிதம் 75 சதவீதம்.

இன்னொரு வழி, ஒரே மாதிரிப் பக்கங்களைத் தேடிப்பிடித்து ஒன்றாக்குவது. பத்து மெய்நிகர் கணினியில் ஒரே உபுண்டு ஓடினால் ஒரே நூலகம் பத்து இடத்தில் கிடக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, யாராவது அதில் எழுத வந்தால் அவருக்கு மட்டும் தனி நகல் கொடுத்தால் போதும். 2009-இல் லினக்ஸ் 2.6.32 பதிப்பில் கேஎஸ்எம் என்ற பெயரில் இது வந்தது. சோதனையில் 16 ஜிபி ரேம் உள்ள ஒரே சர்வரில், தலைக்கு 1 ஜிபி என்று நம்பிய 52 விண்டோஸ் எக்ஸ்பிகளை ஓட்டிக் காட்டினார்கள். கேம்பிரிட்ஜில் ஓடிய பதினான்கின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம். ஆனால் ஒரே பக்கத்தை இரண்டு பேர் பகிர்ந்தால், ஒருவர் மற்றவரின் ரகசியத்தை நேரத்தை அளந்தே ஊகிக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2014-இல் விஎம்வேர், வெவ்வேறு மெய்நிகர் கணினிகளுக்கு இடையிலான பகிர்வை இயல்பில் அணைத்து வைத்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒரே சர்வரில் குடியிருக்கும் இடத்தில் நானும் இதைப் போடுவதில்லை.

*

கேஷைக் கீழே போடும் கட்டளை ஒரு தடவை காட்டுவதற்குத்தான். அதைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக ஓடும்படி வைத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து முதலிலிருந்து படிக்க வேண்டிவரும், பில்டு இழுக்கும்.

நாங்கள் செய்தது வேறு. விண்டோஸில் அவளுடைய பயனர் ஃபோல்டரில் ‘.டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்’ என்று ஒரு கோப்பு. ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். அதில் டபிள்யூஎஸ்எல்2 என்ற தலைப்பின் கீழ் மெமரி 3 ஜிபி என்று ஒரு வரி. எக்ஸ்பெரிமென்டல் என்ற தலைப்பின் கீழ், சும்மா இருக்கும்போது கேஷை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் ஆட்டோமெமரிரிக்ளெய்ம் என்ற வரி, அதற்குக் ‘கிராஜுவல்’ என்ற மதிப்பு. 2023 செப்டம்பரில் சோதனை வசதியாக வந்தது அது. அவள் வைத்திருந்த பதிப்பில் அணைந்தே கிடந்தது. சேமித்து, டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் கட்டளையால் முழுசாக நிறுத்தி, மறுபடி கிளப்பினோம்.

ஒன்றும் மாறவில்லை. பழையபடி 4 ஜிபிதான் காட்டியது. இரண்டு பேரும் எழுத்துப்பிழை தேடினோம். கடைசியில் பார்த்தால் நோட்பேட் கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘.டிஎக்ஸ்டி’ என்று தானாகச் சேர்த்திருக்கிறது. பெயரின் வால் தெரியாதபடி விண்டோஸில் மறைந்திருந்தது. சேமிக்கும்போது ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. இதே இடத்தில் எனக்கு இது மூன்றாவது அனுபவம்.

3 ஜிபி என்பதும் வேதவாக்கு இல்லை. குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் லினக்ஸுக்குள் இடம் போதாமல், கெர்னலே ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். பெரும்பாலும் சாவது பெரிய நிரல். அவளுடைய மெஷினில் அது போஸ்ட்கிரெஸாகத்தான் இருக்கும். ஜாவாவில் புராஜெக்ட் செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் ஜாவா தனக்குத் தெரியும் ரேமில் கால்பங்கைத் தன் குவியலின் உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும், நாலு சர்வீஸ் ஓடினால் நாலும் அப்படியே. விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் டெஸ்க்டாப் இல்லாத உபுண்டு சர்வரைப் போட்டாலே பெரிய பாரம் இறங்கிவிடும். அதிலும் பலூன் உண்டு, கட்டளை வரியிலிருந்து மட்டும் இயக்கலாம், கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவியிருக்க வேண்டும். கொடுக்கிற அளவு எதுவானாலும் முதலில் அளந்து பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

அளப்பதை யாரும் சொல்லித்தரவில்லை என்பதில் எனக்குப் பழைய வருத்தம் ஒன்று உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில், ஏழாம் பருவத்தில் கிரிட், கிளவுட் ஆய்வகம் என்று ஒன்று இருந்தது. அதன் கிளவுட் பகுதியில் முதல் பயிற்சியே, வெவ்வேறு அமைப்பில் மெய்நிகர் கணினிகளை ஓட்டி, ஒரு நேரத்தில் எத்தனையைப் பயன்படுத்த முடிகிறது என்று பார்ப்பது. அந்தக் கேள்வியை எழுதியவர்களை நான் மனதாரப் பாராட்டுவேன். அப்போது ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு உதவிக்குப் போயிருந்தேன். 4 ஜிபி மெஷின்கள். மாணவர்கள் ஒன்றைக் கிளப்பினார்கள், இரண்டைக் கிளப்பினார்கள், மூன்றாவதில் எல்லாம் உறைந்தது. ரெக்கார்டு நோட்டில் ‘2’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஏன் 2, எதைச் செய்தால் அது 5 ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அந்தப் பயிற்சியின் உயிரே அந்தக் கேள்வியில் இருந்தது.

இப்போது அந்தக் கேள்விக்கு விலையும் கூடிவிட்டது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறுமுகம்தான். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் சில்லுகளை வாரிக்கொண்டு போகின்றன. அந்த டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ரிச்சி தெருவில் முன்பு சொன்ன விலை இப்போது இல்லை. எங்கள் அம்பத்தூரிலேயே டேட்டா சென்டர்கள் வரிசையாக எழும்பி நிற்கின்றன, என்டிடி 2023-இல் ஒரு வளாகம் திறந்தது. இச்சோனில் பிறக்கும் பக்கங்கள் முதலில் போவது அந்த மாதிரிக் கட்டடங்களுக்குத்தான். மாடியறையில் படிக்கிற பிள்ளைக்கு மிஞ்சுவது கையில் இருக்கிற 20,97,152. அவற்றில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவை அன்று எந்த வேலையும் இல்லாமல் ஒரு கேஷில் சிறைப்பட்டுக் கிடந்தன.

பத்தரைக்கு அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். இறங்கும்போது அக்கா மகள் கேட்டாள்.

“அப்ப ரேம் வாங்கவே வேணாமா மாமா?”

“ஒரு வாரம் ஓட்டு. தினமும் பில்டு முடிஞ்சதும் ஃப்ரீ போட்டுப் பாத்து எழுதி வை. நிஜமாவே பத்தலன்னா நானே வாங்கித் தரேன்.”

எழுதி வைத்தாள். ஏழு நாள் கணக்கும் ஒரு நோட்டில் இருக்கிறது. நிரல்கள் பயன்படுத்தியதில் ஆக அதிகமானது வியாழக்கிழமை, 1.7 ஜிபி. வெள்ளிக்கிழமை அவளாகவே 3 ஜிபியை 2,560 எம்பியாக மாற்றியிருக்கிறாள். அடுத்த அறைத் தோழிக்கு 16 ஜிபி மெஷினாம். அதில் விஎம்மெம் 7 ஜிபி பிடித்துக்கொண்டிருந்ததாம், அவளுக்கும் கோப்பு எழுதிக் கொடுத்தாயிற்றாம், ‘.டிஎக்ஸ்டி’ இல்லாமல்.

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து அவள் லேப்டாப்பை ஷட்டவுன் செய்தாள். எட்டுச் சில்லுகளுக்கும் மின்சாரம் நின்றது. திரும்ப எழுத ஆள் இல்லாமல், நம் பக்கத்தின் 32,768 மின்தேக்கிகளும் சில நொடிகளில் ஒழுகித் தீர்ந்தன.